புரூக்ளின் பாலத்தின் அடியில் வேலை செய்தவர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம். நியூயார்க் புரூக்ளின் பாலத்தைப் பற்றிய ஒரு காணொளியில், ஆற்றுக்கடியில் கிளம்பிய விஷவாயுவால் கூலியாட்கள் இறந்தார்கள் என்றார்கள். மேலே ஏறி வந்த பிறகே இறந்தார்கள் என்று வேறோர் இடத்தில் படித்தேன். எது சரி? ஆபத்து தெரிந்தே அவர்களை இறக்கினார்களா?

க., மதுரை

அன்புள்ள க.,

மேலே வந்த பிறகு என்பதுதான் சரி. விஷவாயு காரணமல்ல.

கோபுரங்களுக்கு அடித்தளம் போட, அடிப்பக்கம் திறந்த பெரிய மரப்பெட்டிகளை ஈஸ்ட் ஆற்றில் இறக்கினார்கள். கெய்சன் என்பார்கள். 1870இல் இறக்கிய புரூக்ளின் கரைப் பெட்டி 168 அடி நீளம், 102 அடி அகலம். ஆட்கள் நிற்கும் அறையின் உயரம் ஒன்பதரை அடிதான். மேலே கருங்கல் ஏற ஏறப் பெட்டி அழுந்தும். உள்ளே இருப்பவர்கள் மண்ணையும் பாறையையும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் புகாமலிருக்க அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். நியூயார்க் கரைப் பெட்டி கடைசியாக நின்ற 78.5 அடி ஆழத்தில், சதுர அங்குலத்துக்கு சுமார் 34 பவுண்டு கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது.

இந்த அழுத்தத்தில் மூச்சோடு போகும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. உள்ளே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெளியேறும்போது, உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே அழுத்தத்தை மாற்றும் காற்றுப்பூட்டு அறையில் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால், மூடி திறந்த சோடாவைப் போல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். முழங்காலிலும் முதுகிலும் பொறுக்க முடியாத வலி, வாந்தி. குமிழி தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் செயலிழந்துவிடும். இதைத்தான் கெய்சன் நோய் என்பார்கள்.

1872 ஏப்ரல் 22 அன்று ஜான் மையர்ஸ் என்ற தொழிலாளி முறை முடிந்து நன்றாகத்தான் வெளியே வந்தார். தங்கியிருந்த விடுதிக்கு நடந்தே போனார். மாடிப்படி ஏறும்போது விழுந்தார். சில நிமிடங்களில் உயிர் போய்விட்டது. விஷவாயு என்றால் உள்ளேயே விழுந்திருக்க வேண்டும் அல்லவா?

கம்பெனி மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 1872 ஜனவரி கடைசியிலிருந்து மே முடிய 110 பேருக்கு வைத்தியம் பார்த்தார். மார்ஃபின் ஊசி, எர்காட் என்ற பூஞ்சையின் சாறு, விஸ்கியும் இஞ்சியும் கொடுத்தார். வெறும் வயிற்றோடு இறங்காதே, வெளியே வந்ததும் கனமான உடுப்பைப் போட்டுக்கொள், முதல் ஒரு மணி நேரம் உடம்பை அலட்டாதே என்று விதிகளும் போட்டார். கூடுதலான ஒவ்வொரு வளிமண்டல அழுத்தத்துக்கும் (சதுர அங்குலத்துக்கு சுமார் 15 பவுண்டு) 5 நிமிடம் பூட்டறையில் இருக்கச் சொன்னார். கணக்குப் போட்டால் 12 நிமிடம்கூட வராது. இன்றைய அட்டவணைப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். அந்தச் சொற்ப நேரத்தையும் யாரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. களைத்து வீடு திரும்பத் துடிப்பவர்களின் பொறுமைக்கு அதை விட்டிருக்கக் கூடாது. காற்று வெளியேறும் குழாயைச் சிறிதாக வைத்திருந்தாலே யாராலும் அவசரப்பட முடிந்திருக்காது.

வேலை நேரத்தைக் குறைத்ததிலும் ஒரு கோளாறு இருந்தது. ஆழம் கூடியதும் ஒரு நாளைக்கு இரண்டிரண்டு மணி நேரமாக இரண்டு முறை இறக்கினார்கள். இரக்கத்தோடு செய்ததுதான். ஆனால் உள்ளே இருக்கும் நேரம் குறைந்தாலும், அழுத்தம் இறங்கும் அந்த ஆபத்தான நிமிடங்கள் ஒவ்வொருவருக்கும் நாளில் இரண்டு தடவை வந்தன. மே மாதம் 4 மணி நேரத்துக்கு 3 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலையைவிட்டு நீக்கிவிடுவோம் என்ற மிரட்டலில் சில நாளில் அது முடிந்தது.

தெரிந்தே செய்தார்களா என்றால், ஆபத்து தெரியும், காரணம் தெரியாது. செயிண்ட் லூயிஸ் நகரில் ஈட்ஸ் பாலத்துக்காக இதே போன்ற பெட்டிகளில் இறங்கியவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று பிரெஞ்சு உடலியல் ஆய்வாளர் பால் பேர் (Paul Bert) நிறுவியது 1878இல்தான். ஆனால் வலியோடு மறுபடி உள்ளே போனவர்களுக்கு வலி தணிந்ததை ஸ்மித் கவனித்திருந்தார். நோயாளியைக் கிடத்தி அழுத்தம் ஏற்ற இரும்பு அறை ஒன்று செய்யலாம் என்று எழுதியும் வைத்தார். அங்கே அதைச் செய்யவில்லை. 1889 வாக்கில் ஹட்சன் சுரங்கத்தில் எர்னஸ்ட் மோய்ர் அப்படி ஓர் அறையை வைத்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது.

தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் இந்த நோயால் முடங்கியவர். கீழ்ப்பாறை வரை தோண்டினால் இன்னும் பல உயிர் போகும் என்று கணித்து, இறுகிய மணலிலேயே நியூயார்க் கரைப் பெட்டியை நிறுத்தினார். அந்தக் கோபுரம் இன்றும் அந்த மணல்மேல்தான் நிற்கிறது. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

கெய்சன் நோயால் இறந்தவர்கள் என்று ஸ்மித் பதிவு செய்தது 3 பேரை. இதை முழுக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். புரூக்ளின் கெய்சனிலிருந்து மட்டும் வாரத்துக்கு சுமார் 100 பேர் வேலையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எந்தப் பதிவேடும் வைக்கப்படவில்லை.