கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பேக்கப் இருக்கு, ஃபைல் வரலயே!

கேள்வி: சார், நான் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ற டிடிபி சென்டர் வெச்சிருக்கேன். லேப்டாப் ஹார்டு டிஸ்க் போயிடுச்சு, புதுசு மாத்தி விண்டோஸ் 11 போட்டாச்சு. விண்டோஸ்லயே இருக்குற ஃபைல் ஹிஸ்டரி வசதி மூலமா 1 டிபி எக்ஸ்டர்னல் டிரைவுக்கு பேக்கப் போயிட்டேதான் இருந்துச்சு. இப்ப அந்த டிரைவ ஓபன் பண்ணா ஒரே ஃபைல் ஏழெட்டு இருக்கு, பேருக்குப் பின்னாடி தேதி, நேரம், யூடிசின்னு வேற இருக்கு. டி டிரைவ்ல வெச்சிருந்த டிசைன் எதுவுமே காணோம். என்ன பண்றது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த ஃபைல்களோட பேர கையால மாத்த ஆரம்பிச்சுடாதீங்க, அவசியமே இல்ல. ஃபைல் ஹிஸ்டரி சாதாரணமா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ பாக்கும், ஃபைல் மாறியிருந்தா பழைய காப்பிய அழிக்காம புதுசா இன்னொன்னு எடுத்து வெச்சுடும், அதான் ஏழெட்டு. யூடிசிங்கறது உலகப் பொது நேரம், அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கங்க, 10 மணின்னு போட்டிருந்தா அது நம்மூர்ல மதியம் மூணரைக்கு எடுத்தது. இப்ப கண்ட்ரோல் பேனல்ல ஃபைல் ஹிஸ்டரிக்குப் போய் அதே டிரைவ செலக்ட் பண்ணுங்க, பழைய பேக்கப்ப யூஸ் பண்ணணுமான்னு கேக்குற கட்டத்துல டிக் போட்டு உங்க பழைய லேப்டாப் பேர எடுங்க. அப்புறம் ரீஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ், கீழ இருக்குற அம்புக்குறிய அழுத்தி வேண்டிய தேதிக்குப் போய் பச்சை பட்டன அழுத்துனா பழைய பேர்லயே ஃபைல் வந்துடும். பச்சை பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா வேற ஃபோல்டருக்கும் அனுப்பலாம், நான் அதத்தான் சொல்லுவேன், சரியா வந்திருக்கான்னு பாத்துட்டு அப்புறம் இடம் மாத்திக்கலாம்.

டி டிரைவ் விஷயம்தான் வருத்தமா இருக்கு. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி சில இடங்கள மட்டும்தான் ஃபைல் ஹிஸ்டரி தானா எடுக்கும், டி டிரைவ் ஃபோல்டர நாமதான் லைப்ரரில, அதாவது பல இடத்துல இருக்குற ஃபோல்டர்கள விண்டோஸ் ஒண்ணா காட்டுற பட்டியல்ல, சேக்கணும். சேக்கலன்னா அது எக்ஸ்டர்னல்ல எந்த மூலையிலயும் இருக்காது, தேடி நேரத்த வீணாக்காதீங்க. போன டிஸ்க்க தூக்கிப் போட்டுடாதீங்க, திரும்பத் திரும்ப மாட்டியும் பாக்காதீங்க, டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட அப்படியே குடுங்க. பிரஸ்ஸுக்கு மெயில்ல அனுப்புன பிடிஎஃப் சென்ட் ஐட்டம்ஸ்ல இருக்கும், அதையும் இன்னைக்கே எடுத்து வெச்சுக்கங்க.

இனிமே டி டிரைவ் ஃபோல்டர டாக்குமெண்ட்ஸ் லைப்ரரில சேத்துடுங்க, மாசம் ஒரு தடவ ஏதாவது ஒரு டிசைன ரீஸ்டோர் பண்ணி கோரல்டிராவுல திறந்து பாருங்க, இத ஒரு தடவ செஞ்சிருந்தா டி டிரைவ் விடுபட்டது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பேக்கப் முடிஞ்சதும் எக்ஸ்டர்னல சேஃப்லி ரிமூவ் குடுத்து கழட்டி வெச்சுடணும், மாட்டியே இருந்தா, ஃபைல்கள பூட்டிட்டு பணம் கேக்குற ரேன்சம்வேர் வந்தா அதையும் சேத்து பூட்டிடும்.

கேள்வி: பென்டிரைவ்ல 20 ஜிபி காலியா இருந்தும் 6 ஜிபி கல்யாண வீடியோ காப்பி ஆக மாட்டேங்குதே?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பென்டிரைவ் ஃபேட்32ங்கற ஃபார்மேட்ல, அதாவது ஃபைல்கள பதிஞ்சு வெக்கிற பழைய முறைல இருக்கும்மா, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. உள்ள இருக்குறத வேற இடத்துக்கு மாத்திட்டு எக்ஸ்ஃபேட்டா ஃபார்மேட் பண்ணுங்க, வீடியோ போயிடும். பழைய டிவி எக்ஸ்ஃபேட்ட எடுக்காம போகலாம், அதனால யாருக்குக் குடுக்குறீங்களோ அவங்க டிவில ஒரு தடவ போட்டுப் பாத்துடுங்க.