கரையில் போட்ட பனங்கொட்டையை எப்போது எண்ணுவது?

ஏரிக்கரைகளில் பனை விதைத்த ஊர்க்குழுக்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணே, ஐப்பசியில் 2,000 கொட்டை போட்டோம். தை முடிந்துவிட்டது, ஒன்றுகூட வெளியே வரவில்லை. எல்லாம் போச்சா?

பதில்: பதறாதே தம்பி. பனை முதலில் கீழே இறங்கும், பிறகுதான் மேலே வரும். இப்போது மண்ணுக்குள் கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கும். பீலி, அதாவது முதல் இலை, தலைகாட்ட எட்டு, பத்து மாதம்கூட ஆகும். மழை பொய்த்தால் இன்னும் தள்ளிப்போகும். சந்தேகமாக இருந்தால் கரையோரம் பத்துக் குழியை மட்டும் தோண்டிப் பார். கிழங்கு வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. முதல் கணக்கெடுப்பை அடுத்த ஐப்பசிக்கு வைத்துக்கொள்.

நீ பார்க்க வேண்டியது வேறு. முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் உள்ளே பஞ்சுபோல் இருக்கும் தவுனுக்காகக் கொட்டையைப் பிளப்பார்கள், பொங்கலுக்குப் பெரியவர்களே கிழங்கு பிடுங்குவார்கள். எங்கள் கரையில் அப்படித்தான் ஒரு வரிசையே அடுப்புக்குப் போனது. சாப்பிடுவதற்கென்று தனியாக ஒரு பாத்தி போட்டுக் கொடுத்த பிறகுதான் நின்றது.

கேள்வி: சிலர் பழத்தை முழுதாகப் புதைத்துவிட்டார்கள். கணக்கு எப்படி வைப்பது ஐயா?

பதில்: ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். அதனால் கொட்டைக் கணக்கை விட்டுவிட்டுக் குழிக் கணக்கு வையுங்கள். ஒரு குழியில் மூன்று முளைத்தாலும் அது ஒன்றுதான். 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் விதை என்று அறிவித்ததிலிருந்து, எங்கள் பக்கம் போட்ட எண்ணிக்கைதான் எல்லார் வாயிலும். நிற்பது எத்தனை என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

கேள்வி: குழியை அடையாளம் காண்பது?

பதில்: மதகில் தொடங்கி, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கு வரை நடங்கள். எத்தனையாவது காலடியில் எந்தக் குழி என்று நோட்டில் எழுதுங்கள். குச்சி நட்டால் விறகாகிவிடும்.

கேள்வி: வேம்புக்கு எடுப்பதுபோல் தண்டின் சுற்றளவு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வேம்புபோல் பனை வருடா வருடம் பருக்காது, வடலிக்கு, அதாவது இளம்பனைக்கு, தண்டே வெளியே தெரியாது. ஓலையை எண்ணுங்கள். முதலில் வாள்போல் ஒற்றை இலை. விசிறியாக விரிந்த ஓலை வந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். ஆடு கடித்ததைச் 'செத்தது' என்று எழுதிவிடாதீர்கள். குருத்து மண்ணுக்குள் இருக்கிறது, பெரும்பாலும் திரும்ப விடும். ஆட்டைவிட எனக்கு மண்வெட்டிதான் பயம். கரையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் பீலியைக் கோரை என்று நினைத்து வேரோடு கொத்திப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உங்களில் ஒருவர் கரையில் நில்லுங்கள்.

கேள்வி: அலகுப்பனை (ஆண்) எத்தனை, பருவப்பனை (பெண்) எத்தனை என்றும் பதியலாமா?

பதில்: பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம். இப்போதே அதற்குக் கட்டம் போடாதீர்கள், அதற்குள் நோட்டைச் செல்லரித்துவிடும்.