கேம்பிங்குக்கு வீட்டிலேயே ஃபயர் ஸ்டார்ட்டர்: கேள்வி பதில்

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882 தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் தீக்குழி வைத்து அனுமதி தரும் கேம்ப் இடங்களுக்கும், உங்கள் சொந்தத் தோட்டம் துரவுக்கும் மட்டும்தான்.

செந்தில், சேலம்: பஞ்சில் வாசலின் பிசைந்து உருண்டை செய்தேன். ஃபெரோ ராடில் (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) எவ்வளவு பொறி விழுந்தாலும் பற்றவே மாட்டேங்குது, அண்ணா.

வாசலின் அதிகமாகிவிட்டது, தம்பி. பஞ்சுதான் திரி, வாசலின் எண்ணெய். திரி முழுக்க ஊறிவிட்டால் பொறி பிடிக்க உலர்ந்த நார் மிஞ்சாது. நெல்லிக்காய் அளவு உருண்டைக்கு அரை டீஸ்பூன் போதும். வெளிப்பக்கம் மட்டும் பிசையுங்கள், நடு உலர்ந்தே இருக்கட்டும். பற்றவைக்கும்போது உருண்டையாக வைக்காமல் இரண்டாகப் பிய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார் மயிர் மயிராக நிற்கும்படி இழுத்துவிடுங்கள்.

ராடு புதுசா? மேலே இருக்கும் கறுப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுங்கள், அதிலிருந்து பொறி வராது. கத்தியின் முதுகால் சுரண்டணும், அந்த விளிம்பு மழுங்காமல் 90 டிகிரியில் இருக்கணும். கத்தியைப் பஞ்சுக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு ராடைப் பின்னுக்கு இழுங்கள். கத்தியை முன்னால் தள்ளினால் பஞ்சையே தட்டிவிடுவீர்கள். சரியாகப் பற்றினால் நாலைந்து நிமிடம் நின்று எரியும்.

ரேவதி, நாமக்கல்: முட்டை அட்டையில் மெழுகு ஊற்றிச் செய்வதை அளவோடு சொல்லுங்கள்.

30 முட்டை வரும் காகிதக்கூழ் அட்டைதான் வேண்டும், பிளாஸ்டிக் தட்டு ஆகாது. மரத்தூளை வெயிலில் ஒரு நாள் காயவையுங்கள். ரம்பத்தில் விழும் சாதா மரத்தூள் எடுங்கள். பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. எடைக்குத் தூள் ஒரு பங்கு, மெழுகு இரண்டு பங்கு. மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளே போதும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு. மெழுகு 60 டிகிரி வாக்கில் உருகிவிடும், தண்ணீர் 100-ஐத் தாண்டாது, அதனால் பயமில்லை. நேரடித் தீயில் வைத்து மறந்தால் 200 டிகிரியை நெருங்கும்போது மெழுகின் ஆவியே தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் அடியில் இறங்கி ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகை மேலே வீசியடிக்கும். அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

குழியில் முக்கால் பங்கு தூள் போட்டு, அழுத்தாமல், தூள் நனைந்து தெரியும் அளவுக்கு மெழுகு ஊற்றுங்கள். தூளை அழுத்தினால் மெழுகு மேலேயே நின்றுவிடும், அடி காய்ந்த தூளாகவே உதிரும். பாதி ஆறும்போது தேங்காய் நார் இரண்டு இழையைத் திரியாகச் செருகுங்கள். ஆறிய பிறகு தனித்தனியாக வெட்டுங்கள். வெட்டிய அட்டையின் ஓரம் மெழுகு படாமல் இருக்கட்டும், தீக்குச்சியை அங்கேதான் காட்டணும். ஒரு குழி 10 நிமிடத்துக்குக் குறையாமல் எரியும்.

பிரகாஷ், ஓசூர்: வாசலின் பஞ்சு பொறியில் பற்றவில்லை, ஏன்?

செந்திலுக்குச் சொன்னதேதான்: பிய்த்து நாரை இழுத்துவிடுங்கள்.

முருகேசன், மதுரை: ஐயா, ஒரு சூடம் கொளுத்தினால் முடிந்த கதை. இதற்கு எதற்கு மெழுகும் மரத்தூளும்?

சூடம் நன்றாகவே பற்றும், மறுக்கவில்லை. ஆனால் திறந்து வைத்தால் கரைந்து காற்றோடு போய்விடும், பையில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் பாதிகூட மிஞ்சாது. எரிந்தாலும் ஒரு வில்லை ஓரிரு நிமிடம்தான். ஈர விறகு சூடேற அது போதாது.

முருகேசன்: நாலு வில்லை சேர்த்து வைத்தால்?

சேர்த்து வைத்தால் தீ பெரிதாகும், நேரம் அவ்வளவாகக் கூடாது. உங்களுக்கு வேண்டியது நேரம்.

கவிதா, கோவை: அப்படியென்றால் சூடத்தை மெழுகோடு சேர்த்து உருக்கி ஊற்றினால் இரண்டும் கிடைக்குமே?

கூடவே கூடாது, கவிதா. இதை எல்லோரும் கவனிக்கணும். சூடத்தின் ஆவி 65 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கத் தயாராகிவிடும். மெழுகு உருகி ஊற்றும் பதத்துக்கு வரும் சூடும் அதுதான். கேஸ் அடுப்புக்கு மேலே அந்த ஆவி எழும்பினால் அடுப்புத் தீ அதைப் பிடித்துக்கொள்ளும். நீர்ப்பாத்திரத்தில் வைத்து உருக்கினாலும் இந்த ஆபத்து போகாது.

முருகேசன் ஐயா சொல்வதில் பாதி சரி என்பதால் வழி சொல்கிறேன். சூடத்தைத் திருகுமூடி உள்ள சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், சிலவகை பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். தீ மூட்டும் இடத்தில் மெழுகுக் குழியின் மேல் ஒரு வில்லையை வைத்துக் கொளுத்துங்கள். சூடம் மெழுகைப் பற்றவைக்கும், மெழுகு விறகைப் பற்றவைக்கும். புட்டி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. சூடம் விஷம், ஒரு வில்லையை விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

முருகேசன்: இதை ஒத்துக்கொள்கிறேன், ஐயா.

அன்வர், திருச்சி: சானிடைசர்?

பற்றும். ஆனால் பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றித்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பெட்ரோலையும் கேட்காதீர்கள்.

தீபா, ஊட்டி: 9 வோல்ட் பேட்டரியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி பற்றவில்லை.

அது எவர்சில்வர் சுருள். பெயின்ட், ஹார்டுவேர் கடைகளில் 0000 நம்பர் ஸ்டீல் ஊல் (பஞ்சுபோல மெல்லிய இரும்பு இழை) கேளுங்கள்.

ஜான், நாகர்கோவில்: கரித்துணி (பொறி பிடிக்கக் கரியாக்கிய துணி) செய்ய ஜீன்ஸ் துணி ஆகுமா?

முழுக்கப் பருத்தி என்றால் ஆகும். ஸ்ட்ரெச் ஜீன்ஸ் உருகிக் கட்டியாகிவிடும். தகர டப்பாவின் மூடியில் ஆணியால் ஒரே ஓட்டை போட்டு, துணியை உள்ளே வைத்துத் தணலில் வையுங்கள். ஓட்டையில் புகை நின்றதும் எடுத்து ஓட்டையை அடையுங்கள். முழுக்க ஆறும் முன் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் கனன்று சாம்பலாகிவிடும். கரித்துணி தணலாகத்தான் பிடிக்கும், எரியாது. அந்தத் தணலைப் பன்னாடைக்குள் வைத்து ஊதுங்கள்.

மணி, தேனி: வாசலின் பஞ்சு பற்றுகிறது, விறகு பற்றவில்லை. இன்னும் நல்ல ஸ்டார்ட்டர் எது?

இன்று இதே கேள்வி வேறு வேறு வடிவில் நிறைய வந்திருக்கிறது. மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். குறை ஸ்டார்ட்டரில் இல்லை, சுள்ளியில். மூன்று கனத்தில் சேர்த்த பிறகுதான் கொளுத்தணும்: தீக்குச்சிக் கனத்தில் இரண்டு கைப்பிடி, பென்சில் கனத்தில் அதே அளவு, கட்டைவிரல் கனத்தில் ஒரு அணைப்பு. தரையில் கிடப்பது ஈரம் உறிஞ்சியிருக்கும். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கிளையை ஒடியுங்கள். ‘படக்’ என்று முறியணும், வளைந்தால் ஆகாது. மழை நாளில் தென்னம்பாளை கிடைத்தால் விடாதீர்கள், வெளியே நனைந்திருந்தாலும் கிழித்தால் உள்ளே காய்ந்திருக்கும். ஈரத்தரையில் நேராக மூட்டாமல், அடியில் நாலு கட்டைகளைப் பரப்பி அதன் மேல் மூட்டுங்கள்.

உங்கள் மாவட்டம் என்பதால் இன்னொன்று. 2018 மார்ச்சில் குரங்கணியில் காய்ந்த புல்லில் ஓடிய தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பிப்ரவரியிலிருந்து முதல் மழைவரை புல்வெளி ஓரத்தில் தீயே வேண்டாம், கேம்ப்காரர் அனுமதித்தாலும்.

சங்கர், தாம்பரம்: வாசலின் பஞ்சு பற்றலை சார்.

மேலே படியுங்கள், சங்கர். இரண்டு முறை எழுதியாகிவிட்டது.

நித்யா, சென்னை: கொடைக்கானலுக்கு ரயிலில் போகிறோம். இதையெல்லாம் எடுத்துப் போகலாமா?

எளிதில் தீப்பிடிக்கும் பொருளை ரயிலில் கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி குற்றம், சிறைத் தண்டனை உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் 9 பேர் இறந்தார்கள். மண்ணெண்ணெய், கேஸ், சூடம் எதுவும் வேண்டாம். சூடமும் தீப்பெட்டியும் கொடைக்கானல் கடைகளிலேயே கிடைக்கும். மருந்துக்கடைப் பஞ்சையும் வாசலினையும் தனித்தனியாக எடுத்துப்போய், இறங்கிய பிறகு பிசைந்துகொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.