16 வயசுல டாட்டூ ஆர்ட்டிஸ்ட் ஆகணும்னு கேட்ட தம்பிக்கு
தம்பி, ஆன்லைன்ல மலிவா ஒரு மெஷின் கிட் வாங்கி ஃப்ரெண்டு கையில ட்ரை பண்ணலாமான்னு கேட்டிருக்க, தயவுசெஞ்சு வேணாம்பா. ஊசி தோலுக்குள்ள 1லேர்ந்து 2 மில்லிமீட்டர் தான் போகணும், அதுக்கு மேல போனா மை உள்ள பரவி கோடு கலங்கிடும் தழும்பும் விழும், கம்மியா போனா கொஞ்ச நாள்ல மங்கிடும், அந்த ஆழம் கைக்குப் பழகவே ரொம்ப நாளாகும். சுத்தமில்லாத ஊசில கல்லீரலைத் தாக்குற ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பரவும், அந்தப் பையன் பாவம்டா.

இப்போதைக்கு படம் வரை. தினமும் வரை. பேனாவால, அழிக்காம, ஒரே இழுப்புல நீளக் கோடு. உங்க அம்மா சிக்குக் கோலம் போடுறப்ப கை நடுங்காம வளைக்கிறாங்கல்ல, அதையே பேப்பர்ல போட்டுப் பாரு, நெஜமாவே கை ஸ்டெடி ஆகும், நம்ம பாட்டிங்க காலத்துப் பச்சைக்குத்துலயும் கோல டிசைன் நிறைய உண்டு.

மெஷின் எடுத்தா செயற்கைத் தோல்ல மட்டும். 18 ஆனதும் ஒவ்வொரு ஆளுக்கும் புது ஊசி பிரிக்கிற ஸ்டூடியோவா பாத்து சேரு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கான்னு வீட்ல கேளு, இல்லன்னா 3 டோஸ், முடிய 6 மாசம் ஆகும், அதனால இப்பவே ஆரம்பிச்சுடு. அப்பா ஒத்துக்கலன்னியே, அவர்கிட்ட மெஷின் பத்தி பேசாத, வரைஞ்ச நோட்டைக் காட்டு.