பழைய காஸ்பிர் வண்டியை நம்பி ஏறலாமா?

கேள்வி: நான் ஜெனரேட்டர் பராமரிப்புப் பொறியாளர். ஒப்பந்த வேலையாக அடுத்த மாதம் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவுக்குப் போகிறேன். விமான நிலைய வளாகத்திலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு 'காஸ்பிர்' என்ற கவச வண்டியில் கூட்டிப்போவார்களாம். தேடிப் பார்த்தால் அது 1980களின் தென்னாப்பிரிக்க வண்டி என்று தெரிகிறது. இவ்வளவு பழைய வண்டியை நம்பி ஏறலாமா? உள்ளே உட்கார்ந்திருக்கும் நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: நன்றாகப் பராமரித்த வண்டி என்றால் ஏறலாம். அதன் வயதை நினைத்துக் கவலைப்படுவதைவிட, அதற்குள் எப்படி உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் உதவும்.

1970களில் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) நமீபியாவின் வடக்கு எல்லையிலும் நடந்த போர்களில், மண் சாலைகளில் புதைத்த டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள்தான் வண்டிகளுக்குப் பெரிய எமன். தட்டையான அடிப்பாகம் கொண்ட லேண்ட் ரோவர்களில் மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள், போதவில்லை. அப்புறம்தான் வண்டியின் அடிப்பாகத்தையே மாற்ற ஆரம்பித்தார்கள். ரொடீசியாவில் லெப்பர்ட், தென்னாப்பிரிக்காவில் ஹிப்போ, பஃபெல், கடைசியில் காஸ்பிர் என்று வரிசையாக வந்தன. பஃபெலை இலங்கை ராணுவமும் 1980களில் வாங்கியது. ஈழத்துச் செய்திகளில் 'பவள் கவச வாகனம்' என்று படித்திருப்பீர்களே, அதுதான். காஸ்பிரை இந்திய ராணுவமும் பிற்பாடு வாங்கியது. இந்த வண்டிகளின் பிறப்பு நிறவெறி அரசின் போர்களில் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் காஸ்பிர் தெருவில் திரும்பினாலே ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. ஆனால் அந்தப் பொறியியல் இன்று வேறு பலருடைய உயிரையும் காக்கிறது. 2007 முதல் சோமாலியாவில் இருக்கும் ஆப்பிரிக்க ஒன்றியப் படையில் உகாண்டா வீரர்கள் இதில்தான் ரோந்து போனார்கள்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? கண்ணிவெடி வெடித்ததும் சூடான வாயுவும் அதன் மேலிருந்த மண்ணும் கூம்பாக மேலே பாய்கின்றன. தட்டையான தகடு அந்த மொத்த அடியையும் வாங்கிக்கொள்ளும். காஸ்பிரின் அடிப்பாகம் படகைப் போல 'வி' வடிவில் சரிந்திருப்பதால் பெரும்பகுதி இரண்டு பக்கமும் வழுக்கி வெளியேறிவிடும். உடற்கூடு தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருப்பது இன்னொரு லாபம். வெடியிலிருந்து கொஞ்சம் விலகினாலே அழுத்தம் மளமளவென்று குறைந்துவிடும். தனியாகச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கூடு முழுதும் ஒரே எஃகுப் பெட்டி. சக்கரமும் ஆக்சிலும் அதற்கு வெளியே போல்ட் போட்டு மாட்டியவை. வெடித்தால் அவை பிய்த்துக்கொண்டு போகும், போகட்டும் என்றே அப்படி வைத்தார்கள். சாதாரண மெர்சிடிஸ் லாரியின் பாகங்கள் என்பதால் புதிது மாட்டுவதும் சுலபம்.

சக்கரத்துக்கு அடியில் 21 கிலோ டிஎன்டி வெடிமருந்து, வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே 14 கிலோ. இவ்வளவு தாங்கும் என்பதுதான் வடிவமைப்புக் கணக்கு. அன்றைக்கு அதிகம் புழங்கிய சோவியத் டிஎம்-57 கண்ணிவெடி ஒன்றில் இருந்தது ஆறு கிலோவுக்குச் சற்று மேல். அந்த அளவில் இரும்பின் வயது உங்களைப் பாதிக்காது. துருவும், சரியாகப் போடாத வெல்டிங்கும் பாதிக்கும்.

இனி உள்ளே நடப்பதைப் பார்க்கலாம், உங்கள் கையில் இருப்பது இந்தப் பகுதிதான். வெடித்தவுடன் சில மில்லி விநாடிகளில் காலுக்குக் கீழே உள்ள தளம் மேல்நோக்கிக் குத்தும். உங்கள் உடம்பு நகர்வதற்கு முன்பே குதிகால் எலும்பும் கணுக்காலும் அடி வாங்கிவிடும். அடுத்து வண்டி முழுதும் மேலே எழும்பும். பெல்ட் போடாதவர் தலை கூரையில் மோதும். மூன்றாவது, 11 டன் எடை திரும்பத் தரையில் விழும். அப்போது முதுகெலும்பு நசுங்கும். கூட்டில் ஓட்டையே விழாமல், உள்ளே இருந்தவர் நடக்க முடியாமல் போனது இப்படித்தான்.

அதனால் ஏறியதும் முதல் வேலை பெல்ட். தோள், இடுப்பு இரண்டையும் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா, கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. வெக்கையில் எல்லோரும் தளர்த்திவிடுவார்கள். சோதனைச் சாவடியில் நின்றதும் கழற்றுகிறவர்கள் மறுபடி போட மறந்துவிடுவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். முதுகு முழுதும் சாய்மானத்தில் ஒட்டியிருக்கட்டும். தலையையோ தோளையோ பக்கவாட்டு இரும்பில் சாய்க்க வேண்டாம். ஹெல்மெட் கொடுத்தால் தாடைப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.

கால் வைக்க மிதிப்படி இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் முழங்காலை மடக்கி வையுங்கள், விறைப்பாக நீட்டாதீர்கள். செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடும் பூட்ஸ்தான். இருக்கைக்கு அடியில் பையைத் தள்ளி வைப்பது நம் பஸ் பழக்கம், அதை இங்கே விட்டுவிடுங்கள். புதுப்பித்த வண்டிகளில் இருக்கை அதிர்ச்சியின்போது கீழே இறங்கி அடியைத் தணிக்கும்படி இருக்கும். அதற்கு அடியில் டூல் பெட்டி இருந்தால் அது இறங்காது, அந்த அடி நேராக உங்கள் முதுகுக்கு வரும். நீங்கள் பொறியாளர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஸ்பேனர், லேப்டாப், தண்ணீர் பாட்டில் எல்லாமே வெடிக்கும்போது பறக்கும் கற்கள். சாமான்களை வேறு வண்டியில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் வலைக்குள் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். இடம் தேர்ந்தெடுக்க விட்டால், சக்கரங்களுக்கு மேலே உள்ள இருக்கைகளைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். அழுத்தத்தில் வெடிக்கும் கண்ணி பெரும்பாலும் சக்கரத்துக்கு அடியில்தான் வெடிக்கிறது.

உயரமான வண்டி என்பதால் கவிழும் அபாயமும் உண்டு. பஃபெலில் இது பெரிய குறை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கர்கள் ஓட்டிய இதே வகை வண்டிகளிலும் இந்தப் பிரச்சினை இருந்தது. தலைகீழாகத் தொங்கும்போது கொக்கியை அப்படியே கழற்றினால் தலைகுப்புற விழுந்து கழுத்து முறியலாம். ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் கழற்ற வேண்டும். கிளம்பும் முன் பின்கதவு எப்படித் திறக்கிறது, கூரைத் திறப்பு எங்கே என்று ஓட்டுநரிடம் கேட்டு, ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். அதற்கு நேரம் தர மறுக்கும் நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டை நான் நம்ப மாட்டேன்.

காஸ்பிரால் முடியாததையும் சொல்ல வேண்டும். பக்கச் சுவர் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும், ராக்கெட் குண்டைத் தடுக்காது. 2017 அக்டோபர் 14 அன்று மொகடிஷுவில் லாரி நிறைய நிரப்பிய வெடிமருந்து 500க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த அளவுக்கு முன்னால் எந்த 'வி' வடிவமும் நிற்காது. நம் நாட்டிலும் 2018 மார்ச்சில் சத்தீஸ்கரின் சுக்மாவில் கண்ணிவெடிப் பாதுகாப்பு வண்டியில் போன ஒன்பது சிஆர்பிஎஃப் வீரர்கள் வெடியில் இறந்தார்கள். எனவே உங்கள் நிறுவனத்திடம் வண்டியின் மாடலைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தினமும் ஒரே பாதையா, ஒரே நேரமா, கிளம்பும் முன் பாதையைச் சோதிக்கிறார்களா, எத்தனை வண்டி சேர்ந்து போகிறது, காயப்பட்டவரைத் தூக்கிப்போக மருத்துவ ஏற்பாடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

வெடித்துவிட்டால், தீப்பிடித்தால் தவிர, உடனே வெளியே குதிக்காதீர்கள். பக்கத்தில் இரண்டாவது வெடி காத்திருக்கலாம், துப்பாக்கிச் சூடும் தொடங்கலாம். வண்டித் தலைவர் சொன்ன பிறகு இறங்கி, உங்கள் வண்டி வந்த சக்கரத் தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் நடங்கள்.