செயல்படும் விண்மீன் மண்டலக் கருவைச் சுற்றியுள்ள தூசியை ஏன் அகச்சிவப்பில் ஆராய்கிறார்கள்?

செயல்படும் கரு என்பது, நடுவிலுள்ள பெரிய கருந்துளை சுற்றியுள்ள பொருளை விழுங்குவதால் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையம். அதைச் சுற்றியுள்ள தூசி கருவிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் விழுங்கிச் சூடாகிறது; வாங்கிய ஆற்றலை அகச்சிவப்பாக வெளியிடுகிறது. அதனால்தான்.

கருந்துளைக்கு மிக அருகே தூசி நிலைக்காது. சுமார் 1500 கெல்வினைத் தாண்டினால் துகள்கள் ஆவியாகிவிடும். அந்த விளிம்பிலுள்ள தூசி 2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிப் பிரகாசிக்கும். தள்ளியிருக்கும் சில நூறு கெல்வின் தூசி 10 மைக்ரான் பக்கம் தெரியும். ஆக, அலைநீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாலே உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக ஆராயலாம்.

சரி, இவ்வளவு சின்ன பகுதியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஏறத்தாழ 4.7 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மெசியே 77 என்ற விண்மீன் மண்டலத்தில் தூசியின் உட்பகுதி சில ஒளியாண்டு அகலம்தான். ஒற்றைத் தொலைநோக்கிக்கு அது வெறும் புள்ளி. சிலி நாட்டின் பரனால் மலையில் நான்கு தொலைநோக்கிகளின் ஒளியை மாட்டிஸ் என்ற கருவியில் ஒன்றுசேர்த்தார்கள். ஒரு தடித்த தூசி வளையம் கருந்துளையை நம் பார்வையிலிருந்து மறைக்கிறது என்பதை 2022-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின.

எனக்கு இதைவிட வியப்பு சர்சினஸ் மண்டலம். அங்கே நடு அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதி, கருந்துளையைச் சுற்றும் வட்டுக்குச் செங்குத்தான திசையில் நீண்டிருக்கும் தூசியிலிருந்து வருகிறது! கருவின் கதிர்வீச்சு அழுத்தமே தூசியை அப்படி மேலே தள்ளுகிறது என்பது வலுவான விளக்கம்.