400 டாலர் டர்போ கிட்டை வாங்கி பழைய சிவிக்கில் மாட்டலாமா?

கேள்வி: 1998 ஹோண்டா சிவிக், டி16ஒய்8 எஞ்சின். டர்போ, மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி), இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது), குழாய்கள் எல்லாம் சேர்த்து 400 டாலருக்கு ஒரு கிட் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா, எஞ்சின் போய்விடுமா?

பதில்: அப்படியே மாட்டினால் போய்விடும். ஆனால் எல்லோரும் பயப்படுவது போல டர்போவால் அல்ல. மலிவு டர்போ கெட்டால் நீலப்புகை வரும். கழற்றிவிட்டு வேறு போடலாம். எஞ்சினைக் காவு வாங்குவது பெட்டியில் வராத இரண்டு சங்கதிகள்: கூடுதல் பெட்ரோல், அதற்கேற்ற டியூனிங் (பெட்ரோல் அளவையும் பிளக் பொறி விடும் நேரத்தையும் எஞ்சின் கம்ப்யூட்டரில் திருத்துவது).

கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்போ போட்ட பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.3 சிசி பெட்ரோல் வேண்டும். உங்கள் காரில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 240 சிசி. நான்கும் சேர்ந்து 960. 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 768 சிசி. 6.3-ஆல் வகுத்தால் 122 குதிரைத்திறன். கம்பெனியிலிருந்து வரும்போதே உங்கள் எஞ்சின் 127. ஆக, பூஸ்ட்டுக்கென்று (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) சொட்டுப் பெட்ரோல் மிச்சமில்லை. 180 குதிரைத்திறன் வேண்டுமானால் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் குறைந்தது 355 சிசி இருக்க வேண்டும். ஆக்யுரா ஆர்டிஎக்ஸ் காரின் 410 சிசி இன்ஜெக்டரைத் தகுந்த அடாப்டரோடு பலர் போடுவது இதனால்தான்.

சில கிட்டில் இதற்கு மாற்றாக ஒரு அழுத்த ரெகுலேட்டரைப் போட்டு அனுப்புவார்கள். பூஸ்ட் 1 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏறினால் பெட்ரோல் அழுத்தம் 12 பிஎஸ்ஐ ஏறும். 7 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் 84 கூடி, ஏற்கெனவே உள்ள அழுத்தத்தோடு சேர்ந்து மொத்தம் 120-ஐத் தாண்ட வேண்டும். பழைய பம்ப் அந்த அழுத்தத்தில் மூச்சு வாங்கிவிடும். மிகத் தேவையான நேரத்தில் பெட்ரோல் குறையும். கூடவே மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) குழாயில் செருக ஒரு சின்ன வால்வும் வரும். பூஸ்ட் ஏறுவதை ஈசியூவின் (எஞ்சின் கம்ப்யூட்டர்) கண்ணில் படாமல் மறைப்பதுதான் அதன் வேலை. செக் எஞ்சின் விளக்கு எரியாது, அவ்வளவுதான். ஈசியூ பழையபடியே இக்னிஷனை முன்கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும். 9.6:1 கம்ப்ரஷன், சூடான காற்று, பெட்ரோல் பற்றாக்குறை மூன்றும் சேர்ந்தால் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. முதலில் பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு) உடையும், அல்லது டி16-க்கே உரிய மெல்லிய கனெக்டிங் ராட் வளையும். அந்த ரெகுலேட்டரையும் வால்வையும் குப்பையில் போடுங்கள்.

டியூனிங்குக்கு டி16-இல் நன்றாகப் பழகிய வழி ஒன்று உண்டு: மாற்று வயரிங் போட்டு 1992–95 சிவிக்கின் பி28 ஈசியூவுக்கு மாறி, அதில் டியூனிங் எழுதிய சிப்போ ஹோண்டேட்டா கம்பெனியின் டியூனிங் போர்டோ வைப்பது. காற்று–எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கட்டாயம். பூஸ்ட்டில் காற்று–எரிபொருள் விகிதம் 11.5 முதல் 12-க்குள் இருக்க வேண்டும். டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) 1 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி பின்தள்ளித் தொடங்கலாம். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ச்சியானது, இடைவெளி 0.7 மிமீ. இந்த வகையில் மட்டும் கிட்டின் விலையைவிட அதிகம் செலவாகும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் கிட்டையும் வாங்காதீர்கள்.

இனி பெட்டிக்குள் வருவோம். அலுமினியக் குழாய்களும் சிலிகான் இணைப்புகளும் தாராளமாகப் பயன்படும்; கிளாம்ப்பை மட்டும் டி-போல்ட் வகைக்கு மாற்றுங்கள். இன்டர்கூலரும் பரவாயில்லை. வெளிக்காற்று 35 டிகிரி என்றால் 0.5 பார் பூஸ்ட்டில் டர்போவை விட்டு வரும் காற்று 90 டிகிரியைத் தொடும். சுமாரான இன்டர்கூலரே அதை ஐம்பது சொச்சத்துக்கு இறக்கிவிடும். மாட்டுவதற்கு முன் மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கழுவுங்கள். வெல்டிங் துகள் உள்ளே கிடந்தால் நேராக சிலிண்டருக்குள் போகும்.

மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மெல்லிய ஸ்டீல் குழாயை வளைத்து வெல்டிங் வைத்தது என்றால் டர்போவின் எடையில் மூட்டுகளில் விரிசல் விடும். ஃபிளான்ஜில் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டை முகம்) நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள், 0.1 மிமீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே நுழைந்தால் மெஷினிங் செய்யாமல் மாட்டாதீர்கள்.

வேஸ்ட்கேட்டில் (பூஸ்ட் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) கஞ்சத்தனம் வேண்டாம். 7 பிஎஸ்ஐ ஸ்பிரிங் என்று எழுதியிருக்கும். கம்ப்ரஸர் காற்றை கேஜ் வழியாக மெல்லக் கொடுத்துப் பார்த்தால் எந்த அழுத்தத்தில் வால்வு அசைகிறது என்று தெரிந்துவிடும். அது சிக்கிக்கொண்டால் பூஸ்ட் கட்டில்லாமல் ஏறும். நல்ல கம்பெனி வேஸ்ட்கேட்டே வாங்குங்கள்.

ஆயில் லைன்தான் தீப்பிடிக்கும் இடம். ஹோண்டா பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையின் மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் அளவு); கிட்டில் வருவது பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்க அளவு). இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பலம் கொடுத்து முறுக்கினால் மரை போகும், இல்லாவிட்டால் கசியும். கசிவது சிவக்கக் காய்ந்த மேனிஃபோல்ட் மேல். சரியான அடாப்டரும் டெஃப்லான் உள்குழாய் கொண்ட லைனும் வெப்ப உறையும் வாங்குங்கள். திரும்பும் குழாய் அகலமாக, எங்கும் தொய்யாமல் கீழ்நோக்கி இறங்கி, சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். புத்தம்புது டர்போ புகைகிறது என்று திட்டுபவர்கள் முதலில் இந்தக் குழாயைப் பார்ப்பது நல்லது.

டர்போவுக்கும் மலிவான மாற்று உண்டு. பழைய வால்வோ 850 டர்போவிலோ சுபாரு டபிள்யூஆர்எக்ஸிலோ வரும் மிட்சுபிஷி டிடி04, தண்டில் ஆட்டம் இல்லாமல் கிடைத்தால், இந்த எஞ்சினுக்குக் கிட்டில் வரும் பெரிய டர்போவைவிடப் பொருத்தம். சீக்கிரம் பூஸ்ட் பிடிக்கும், 180 குதிரைத்திறனுக்கும் போதும்.

எதையும் வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுங்கள். சிலிண்டர்களுக்குள் 2 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போ பேச்சையே விடுங்கள். இந்தியாவில் காரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு, இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

மாட்டிய பிறகு, பெட்ரோலை நிறுத்திவிட்டு ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, அதன் பிறகே எஞ்சினை ஓடவிடுங்கள். 100 கிமீ ஓடியதும் எக்ஸாஸ்ட் நட்டுகளை மீண்டும் முறுக்கி, பிளக்கைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகளோ மின்னும் அலுமினியத் துகளோ தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும்வரை பூஸ்ட்டில் ஓட்டாதீர்கள்.